ஓடுகிற தொழிற்சாலை

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கதையில் பஸ் டிரைவர்களின் சங்கத் தலைவர் ஒருவர் வருவார். வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புத் துண்டு, கணீரென்ற குரல். டிப்போ வாசலில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று அவர் பேச, ஆயிரம் தொழிலாளர்கள் கைதட்டுவார்கள். எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

கதை வெளியான பதினைந்தாம் நாள் ஒரு தபால் கார்டு வந்தது. "ஐயா, கதை படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் ஆயிரம் டிரைவர் ஒரே நேரத்தில் டிப்போ வாசலில் நின்றால் பஸ்ஸை ஓட்டுவது யார்? நான் முப்பது வருஷம் ஓட்டினேன். அதில் பதினெட்டு வருஷம் கிளைப் பிரதிநிதியாக இருந்தேன். என் டிப்போ ஆட்கள் எல்லாரையும் ஒருசேர ஒருநாளும் பார்த்ததில்லை. நேரில் வந்தால் சொல்கிறேன்." கீழே, 'ஓய்வு பெற்ற டிரைவர், பிள்ளையார்குப்பம்' என்று இருந்தது.

கதாசிரியனைப் பாராட்டி எழுதும் கடிதங்களுக்குப் பதில் போட்டால் போதும். இப்படி எழுதுகிறவரை நேரில் பார்க்காமல் இருக்க முடியாது. புறப்பட்டுவிட்டேன்.

வில்லியனூர்ப் பக்கமும் ஒரு பிள்ளையார்குப்பம் உண்டு. நான் போனது பாகூர்ப் பக்கத்துப் பிள்ளையார்குப்பம். கடலூர் சாலையில் பெரிய மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர். புதுச்சேரியில் பஸ் ஏறினால், அரியாங்குப்பம், தவளக்குப்பம் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் முள்ளோடையில் புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு ஆரம்பித்துவிடும்.

பஸ் நகரத்தை விட்டு வெளியேறுகிற இடத்தில், முதலியார்பேட்டைக்கு அருகே, ரோடியர் மில்லின் நீண்ட மதில் ஜன்னலோரம் வருகிறது. 1898-ல் தொடங்கிய மில். இப்போது சங்கு ஊதுவதில்லை. அந்த மதிலைப் பார்த்தால் 1936-ஆம் வருஷத்தை நினைக்காமல் இருக்க முடியாது. நான் போனது பஸ் சங்கதியைக் கேட்கத்தான் என்றாலும், அந்தச் சாலையில் தொழிலாளர் சரித்திரம் மில்லிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த வருஷம் மே, ஜூன் மாதங்களில் பிரான்சு தேசம் முழுவதும் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். புதிதாகப் பதவிக்கு வந்திருந்த லெயோன் புளூம் அரசாங்கம் முதலாளிகளையும் சங்கத்தாரையும் அழைத்து மத்தியஸ்தம் செய்தது. ஜூன் 7-ஆம் தேதி இரவு கையெழுத்தான அந்த உடன்படிக்கைக்கு மாத்தினியோன் ஒப்பந்தம் என்று பெயர். கூலி உயர்ந்தது என்பதை எல்லாரும் சொல்வார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறொரு ஷரத்து. பத்துப் பேருக்குமேல் வேலை செய்கிற ஒவ்வோர் இடத்திலும் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளிருந்தே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தங்கள் குறைகளை அந்தப் பிரதிநிதி நிர்வாகத்திடம் கொண்டுபோகலாம். வெளியிலிருந்து வருகிற வக்கீலோ தலைவரோ அல்ல. பக்கத்துத் தறியில் நிற்கிறவன்.

பிரெஞ்சுக் கொடி புதுச்சேரியிலும் பறந்தது. ஆனால் இங்கே தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையையும் சங்கம் வைக்கும் உரிமையையும் கேட்டு மில்லுக்குள் உட்கார்ந்தபோது கிடைத்தது ஒப்பந்தமல்ல. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் போலீசார் சுட்டதில் பன்னிரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். பாரிஸில் கையெழுத்திட்ட மை காய்ந்து எட்டு வாரம்கூட ஆகவில்லை. அதன்பிறகு வ. சுப்பையா பிரான்சுக்கே போய் வாதாடினார். 1937 ஏப்ரலில் வந்த ஆணை சங்க உரிமையைத் தந்தது. வேலை நேரத்தையும் எட்டு மணிக்குக் கொண்டுவர வழி செய்தது. இன்றும் ஜூலை 30-ல் புதுச்சேரியில் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். சுப்பையாவை ஊருக்கே தெரியும். அந்த மில்லில் ஒவ்வொரு பகுதியிலும் ஆட்களைச் சேர்த்து, இரவில் வீடு வீடாகப் போய்ப் பேசியவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

சென்னையிலும் கதை இதுதான். 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி. பி. வாடியா என்கிற பார்சிக்காரர், தியாசபி சங்கத்தைச் சேர்ந்தவர். துணை நின்றவர் திரு. வி. க. மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்ட அரைமணி நேரம் போதவில்லை என்பது தொழிலாளர்களுடைய குறைகளில் ஒன்று. மில் நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போய் வாடியாவுக்கும் சங்கத்தாருக்கும் எதிராகத் தடையுத்தரவு வாங்கிற்று. அந்த அனுபவத்தின் விளைவாகத்தான் 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது அந்தச் சட்டம். நிர்வாகிகளில் பாதிப்பேராவது அந்தத் தொழிலில் இருக்கிறவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. அதாவது மறுபாதி வெளியாட்களாக இருக்கலாம்! 2001-ல் திருத்தம் வந்துதான் வெளியாட்களின் பங்கு மூன்றில் ஒன்று அல்லது ஐந்து பேர், இவற்றில் எது குறைவோ அது என்று சுருங்கிற்று. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு அன்று வெளியாளின் துணை தேவையாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சரித்திரம் எழுதினவர்கள் அந்த மறுபாதியைப் பற்றியே எழுதிவிட்டார்கள். கதை எழுதின நானும் அவர்களில் ஒருவன்.

பிள்ளையார்குப்பத்தில் இறங்கியதும் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். "சங்கத்துக்காரரா? அதோ உட்கார்ந்திருக்காரே" என்றார் கடைக்காரர். எழுபது வயது இருக்கும். ஒட்டிய கன்னம், கட்டம் போட்ட லுங்கி. தோளில் சிவப்புத் துண்டு இல்லை. சட்டைப் பையில் மட்டும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது.

"வாங்க சார். ஒரு கார்டு போட்டா ஆள் வந்துடுவீங்கன்னு நினைக்கல" என்று இடம் விட்டார்.

அவர் குரல் கணீரென்று இல்லை. டிரைவர்கள் பலருக்கும் அப்படித்தான், என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது மந்தமாகி, மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்திப் பேசுவார்கள். அல்லது பேச்சையே குறைத்துவிடுவார்கள். இவர் இரண்டாவது ரகம்.

"மில்லுன்னா சங்கு ஊதும் சார். மூவாயிரம் பேர் ஒரே கேட்டுல வெளியே வருவான். ஒருத்தன் நின்னு பேசினா எல்லாரும் கேட்பான். எங்களுக்குக் கேட்டு ஏது? நான் விடிகாலை நாலு மணிக்கு வண்டி எடுப்பேன். பக்கத்து வீட்டுக்காரன் அதே டிப்போதான், மத்தியானம் எடுப்பான். நைட் ஹால்ட்டுக்காரன் வேற ஊர்ல படுத்திருப்பான். பத்து நாள் பார்க்காமலே இருப்போம். எதிரெதிரே வண்டி வரும்போது கையைத் தூக்குவோம், அவ்வளவுதான் எங்க பொதுக்கூட்டம்."

கதையில் நான் விட்டுவிட்ட விஷயம் இதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. பஸ் ஒரு தொழிற்சாலை. ஆனால் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் இருப்பது டிரைவர், கண்டக்டர், பழைய நாளில் கிளீனர் என்று மூன்றே பேர். மாத்தினியோன் ஒப்பந்தம் பத்துப் பேருக்குமேல் என்றது. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம், நூறு பேர் உள்ள இடத்தில் இருதரப்புக் கமிட்டி அமைக்கச் சொல்லலாம் என்றது. 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென்றே வந்த சட்டம் ஐந்து பேர் வரை இறங்கி வந்தது. ஒரே ஒரு பஸ் வைத்து ஓட்டுகிற முதலாளியிடம் மூன்று பேர்தான் இருப்பார்கள்! தனியார் பஸ்கள் நிறைந்த நம் ஊர்களில் அந்த மூன்று பேர் எந்தக் கணக்கிலும் அகப்படாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் 1947-ல் நகர பஸ்கள் சர்க்கார் வசம் வந்து, 1972-ல் பல்லவன் கார்ப்பரேஷன் ஆன பிறகு நிலைமை மாறிற்று. பெரிய நிர்வாகம் வந்தது, டிப்போ வந்தது, டிப்போவுக்கொரு கிளைச் சங்கம் வந்தது. அந்தக் கிளையில்தான் நம் நண்பரைப் போன்றவர்கள் உருவானார்கள்.

அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய போக்குவரத்து நிர்வாகத்தில். பெயர் வேண்டாம். அங்கே அவர் கண்ட ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன்.

1961-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு டிரைவருக்கு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. ஐந்து மணி ஓட்டினால் அரைமணி ஓய்வு. இடைவேளைகளையெல்லாம் சேர்த்தாலும் பன்னிரண்டு மணிக்குள் அன்றைய பொழுது முடிய வேண்டும். இன்றைக்கு வேலை முடிந்து நாளைக்குத் தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக ஒன்பது மணி நேரம் விட வேண்டும். இந்த ஒன்பது மணிதான் வழக்கு.

இளம் டிரைவர் ஒருவன். வழியில் வண்டி பழுதாகி இரவு பதினொன்றரைக்கு டிப்போவுக்கு வந்தான். மறுநாள் ஐந்து மணி வண்டியில் அவன் பெயர். ஆள் குறைவு. "முடியாது" என்றான். டைம் கீப்பர் மேலே தகவல் கொடுத்துவிட்டார். டியூட்டி மறுப்பு என்று மெமோ வரப்போகிறது. விடியற்காலை நாலேகாலுக்குப் பிரதிநிதியைப் போய் எழுப்பினார்கள்.

"சட்டம் அவன் பக்கம் சார். எனக்கு மனப்பாடம். ஆனா அந்த வண்டி முதல் டிரிப். ஆஸ்பத்திரிக்குப் போற ஜனம், பூக்கூடை, மீன்கூடை எல்லாம் நிக்கும். நான் வண்டி எடுக்கறேன்னு சொன்னேன். எனக்கு அன்னிக்கு வார ஓய்வு. எடுத்துட்டுப் போயிட்டேன்."

"பிறகு?"

"பிறகென்ன, அவன் என்னை மேனேஜர் ஆளுன்னான். சங்கக் கூட்டத்துல எழுந்து, 'வண்டி நின்னிருந்தா அவங்களுக்குப் புத்தி வந்திருக்கும், இவர் எடுத்துக் கெடுத்துட்டாரு'ன்னு சொன்னான். பாதிப்பேர் அவன் பக்கம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, 'நீங்கதான் பொறுப்பான ஆளு'ன்னாரு. அதைக் கேட்டதும்தான் சார் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு."

விசாரணை நடந்தது. அந்த இளைஞனுக்குத் துணையாக விசாரணையில் உட்கார்ந்தவரும் இவரேதான். நோட்டுப் புத்தகத்தில் ஐந்து மாதத்துக் கணக்கு இருந்தது: எந்தத் தேதி, எந்த வண்டி, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, அதே டிரைவர் மறுநாள் எத்தனை மணிக்கு எடுத்தான். ஒன்பது மணி நேரம் விடாத சந்தர்ப்பங்கள் நாற்பத்தொன்று. மெமோ வாபஸாயிற்று. அட்டவணையைத் திருத்த மேலும் எட்டு மாதம் பிடித்ததாம். அந்த இளைஞன் இவரிடம் பேச ஆரம்பிக்க அதைவிட அதிக நாளாயிற்று.

அவர் செய்தது சரியா? எனக்கு இன்னும் தீர்மானமில்லை. முதல் வண்டி நின்றிருந்தால் அட்டவணை எட்டு மாதத்துக்குப் பதில் எட்டு நாளில் திருந்தியிருக்கலாம். மீன்கூடைக்காரியின் ஒருநாள் பிழைப்பும் போயிருக்கும். நாவலில் வரும் தலைவருக்கு இந்தச் சங்கடமே வராது. அவர் பெட்டியின் மேல் நின்றுகொண்டிருப்பார்.

இந்தச் சங்கடம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1937 மே மாதம் முதல் தேதி லண்டன் நகரத்து பஸ்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். சுமார் 26,000 பேர். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா அந்த மாதம் 12-ஆம் தேதி! கோரிக்கை ஏழரை மணி நேர வேலை. வேகம் கூடக்கூட வயிறு கெடுகிறது, உடம்பு தாங்கவில்லை என்பது அவர்கள் வாதம். அந்தப் போராட்டத்தை மூட்டியவர்கள் ஒவ்வொரு காரேஜிலும் இருந்த சாதாரணப் பிரதிநிதிகள். சங்கத்தின் பொதுச்செயலாளர் எர்னஸ்ட் பெவின். அவரும் ஒரு காலத்தில் பிரிஸ்டல் நகரத்தில் குதிரை வண்டி ஓட்டியவர்தான். டிராம்காரர்களை அவர் வெளியே அழைக்கவில்லை. நாலு வாரத்தில் போராட்டம் தோற்றது. பிறகு அந்தக் காரேஜ் பிரதிநிதிகளின் முன்னணி ஆட்களைச் சங்கத்தைவிட்டே நீக்கினார்கள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் மட்டுமல்ல, தலைமைக்கும் தொழிலாளிக்கும் நடுவிலும் பிரதிநிதி அகப்பட்டுக்கொள்கிறான்.

லண்டன் பஸ்காரர்களின் உடம்பைப் பற்றிப் பின்னால் ஒரு பிரபலமான ஆராய்ச்சியும் வந்தது. 1953-ல் ஜெரி மாரிஸ் என்கிற டாக்டர், மாடி பஸ்ஸில் ஏறி இறங்கும் கண்டக்டரைவிட உட்கார்ந்தே ஓட்டும் டிரைவருக்கு இருதய நோய் அதிகம் என்று காட்டினார். இதை நம் நண்பரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்க டிப்போ ஆட்கள்ல யார் யாருக்கு நெஞ்சுவலி வந்ததுன்னு இந்த நோட்டுலேயே இருக்கு" என்றார்.

ஓய்வு பெற்றபின் அந்த நோட்டுப் புத்தகம் எதற்கு என்று கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் கடலூரிலிருந்து ஒரு தனியார் பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்குவதற்குள் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, வண்டி அடிச்சதுக்கு மூணாயிரம் பிடிச்சிட்டாரு" என்றான்.

"எழுதிக் குடுத்தாரா?"

"வாயாலதான்."

"தேதி சொல்லு."

அவர் எழுந்து போய், ஜன்னலோரம் நின்று எழுதிக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்தான். பின்னால் வந்த பஸ்ஸுக்கு டைம் ஆகிவிட்டது போலிருக்கிறது, ஓயாமல் ஹாரன் அடித்தது. பஸ் நகர்ந்தபோதும் அவர் கூடவே நாலடி நடந்தபடி இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர், "மூணு பேர் வேலை செய்யற வண்டி சார். இவங்களுக்குச் சங்கம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்தார்.