தோல்வியுற்ற ஒரு படத்தின் சரித்திரம்



கிறிஸ்துமஸ் திருநாள் நெருங்கும்போது மேல்நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்தார் அனைவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து, சென்ற ஆண்டு பார்த்த அதே படத்தை இவ்வாண்டும் பார்ப்பர். கதை தெரியும், முடிவு தெரியும், அடுத்து வரப்போகும் வசனமும் தெரியும். எனினும் சலிப்பின்றிப் பார்ப்பர். விடுமுறைக்காலப் படங்கள் என்று இவற்றுக்கு ஒரு தனி வகையே ஏற்பட்டுவிட்டது.

இவ்வகை, சினிமாவோடு உடன் பிறந்தது என்றே கூறலாம். லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் நகரில் கட்டணம் பெற்றுப் படம் காட்டியது 1895 டிசம்பரில். மூன்றே ஆண்டுகளில், 1898-இல், இங்கிலாந்தில் ஜி. ஏ. ஸ்மித் என்பார் கிறிஸ்துமஸ் தாத்தாவைத் திரையில் நடமாட விட்டார். 1843-இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கஞ்சன் ஸ்குரூஜின் கதை 1901-இலேயே படமாயிற்று. அதன்பின் எத்தனையோ முறை மீண்டும் எடுக்கப்பட்டது. அவற்றுள் 1951-இல் அலஸ்டேர் சிம் நடித்து வெளிவந்ததை இன்றும் பலர் போற்றுவர். ஆயினும் இன்று நான் விரித்துரைக்க விரும்புவது வேறொரு படம். ‘இட்ஸ் எ ஒண்டர்புல் லைப்’ என்பது அதன் பெயர். ‘வியத்தகு வாழ்வு இது’ என்று பொருள் கொள்ளலாம். வெளிவந்தபோது பொருள் இழப்பைத் தந்த இப்படம், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு நாட்டின் பண்டிகை வழக்கமாகவே ஆயிற்று. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நம் கேள்வி.

இதன் மூலம் ஒரு சிறுகதை. பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் அதனை எழுதினார். எந்தப் பத்திரிகையும் ஏற்கவில்லை. அவர் மனம் தளராமல், 1943 கிறிஸ்துமஸின்போது அக்கதையைத் தம் செலவில் 200 பிரதிகள் அச்சிட்டு, வாழ்த்து மடலாக நண்பர்களுக்கு அனுப்பிவைத்தார். அம்மடல் ஆர். கே. ஓ. என்னும் படநிறுவனத்தின் பார்வைக்கு எட்டியது. 1944-இல் 10,000 டாலருக்குக் கதையின் உரிமையை அந்நிறுவனம் வாங்கிற்று. திரைக்கதை சரிவர அமையாமையால், பின்னர் அது பிராங்க் காப்ரா என்னும் இயக்குநரின் கைக்கு வந்தது.

காப்ரா 1897-இல் இத்தாலியின் சிசிலித் தீவில் பிறந்து, 1903-இல் பெற்றோருடன் அமெரிக்கா வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காகச் செய்திப் படங்கள் எடுத்தவர். கதாநாயகனாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டோ குண்டுவீச்சு விமானம் ஓட்டிப் போரில் நேரடியாகப் பங்கு கொண்டவர். போர் முடிந்து இருவரும் திரும்பியபின் எடுத்த முதற்படம் இதுவே. படத்தில் மகிழ்ச்சிக்கு அடியில் ஒரு துயரம் ஓடுவதற்கு இப்பின்னணியும் காரணம் என்பது என் துணிபு.

கதையைச் சுருக்கமாகக் கூறுவேன். ஜார்ஜ் பெய்லி ஒரு சிற்றூரில் பிறந்தவன். உலகெலாம் சுற்றவேண்டும், பெரிய பெரிய பாலங்கள் கட்டவேண்டும் என்பது அவன் கனவு. ஆனால் தந்தை இறந்ததும், அவர் நடத்திவந்த வீட்டுக்கடன் சங்கத்தை ஏற்கவேண்டிய கட்டாயம் நேர்கிறது. உறுப்பினர் சேமிப்பைத் திரட்டி, அவர்களுக்கே வீடு கட்டக் கடன் தரும் சங்கம் அது. ஊரிலுள்ள பெரும்பணக்காரனாகிய பாட்டர் அதனை விழுங்கக் காத்திருக்கிறான். தம்பி கல்லூரிக்குச் செல்கிறான். ஜார்ஜ் ஊரிலேயே தங்குகிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சங்கத்தின் பணம் 8,000 டாலர் காணாமற் போகிறது. சிறையும் அவமானமும் கண்முன் நிற்க, தான் பிறவாமலே இருந்திருக்கலாம் என்று எண்ணி, உயிரை மாய்த்துக்கொள்ளப் பாலத்தின்மேல் நிற்கிறான். அப்பொழுது ஒரு தேவதூதர் தோன்றி, அவன் பிறவாத உலகம் எப்படியிருக்கும் என்பதைக் காட்டுகிறார். சிறுவயதில் பனிநீரில் மூழ்கியபோது அவன் காப்பாற்றிய தம்பி, அவ்வுலகில் ஒன்பது வயதிலேயே கல்லறையில் கிடக்கிறான். அத்தம்பி வளர்ந்து போரில் காத்த வீரர்களும் உயிரோடில்லை. ஊரே பாட்டரின் பெயர் சூடி, சூதாட்டமும் குடியுமாகச் சீரழிந்து கிடக்கிறது. வாழ்வின் விலையறிந்து ஜார்ஜ் வீடு திரும்புகிறான். அவனால் பயன்பெற்ற ஊரார் தத்தம் சிறுசேமிப்பைக் கொண்டுவந்து மேசைமேல் குவிக்கின்றனர்.

சரித்திரம் பயில்வோர் கூர்ந்து நோக்கவேண்டிய காட்சி ஒன்று நடுவில் உண்டு. வங்கி முடங்கிவிட்டது என்ற செய்தி பரவி, மக்கள் தங்கள் பணத்தைத் திரும்பப் பெற முண்டியடித்து ஓடிவருகின்றனர். இது கற்பனையன்று. 1930 முதல் 1933 வரையிலான பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் முறிந்தன. அதன் பின்னரே, 1933-இல், வைப்புத் தொகைக்கு அரசின் காப்புறுதி ஏற்பட்டது. படம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்நாட்களை நேரில் அனுபவித்தவர்கள். பணம் பெட்டியில் இல்லை, அண்டை வீட்டானின் வீடாக நிற்கிறது என்று ஜார்ஜ் விளக்கும்போது, ஒரு பொருளாதாரப் பாடத்தையே எளிமையாகச் சொல்லிவிடுகிறான்.

படப்பிடிப்பிலும் ஒரு விந்தை உண்டு. பனிகொட்டும் குளிர்காலக் கதையை அவர்கள் எடுத்தது 1946-ஆம் ஆண்டின் கோடைவெயிலில், கலிபோர்னியாவில். நான்கு ஏக்கர் நிலத்தில் ஊரையே கட்டினர். அதற்குமுன் சோளத்தால் செய்த சிற்றுண்டிச் சீவல்களுக்கு வெள்ளை பூசி, பனியெனத் தூவுவது வழக்கம். காலடியில் அவை நொறுங்கி ஓசை எழுப்புமாதலால், வசனத்தைப் பின்னர்த் தனியே பதிவு செய்யவேண்டியிருந்தது. இப்படத்தின் தொழில்நுட்பக் கலைஞர்களோ, தீயணைப்புக் கருவியில் பயன்படும் நுரைப்பொருளைச் சோப்பும் நீரும் கலந்து காற்றில் ஊதி, ஓசையற்ற பனியைப் படைத்தனர். அதற்கென ஆஸ்கார் கழகத்தின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

வேறு ஆஸ்கார் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. 1946 டிசம்பர் 20-ஆம் நாள் நியூயார்க்கில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 30 லட்சம் டாலருக்குமேல் செலவு. வசூலோ செலவை ஈடுகட்டவில்லை. ஐந்து பிரிவுகளில் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் சிறந்த படத்துக்கான பரிசு, போரிலிருந்து திரும்பிய வீரர்களைப் பற்றிய மற்றொரு படத்துக்குச் சென்றது. அதை இயக்கிய வில்லியம் வைலர், காப்ராவின் படநிறுவனத்தில் பங்காளியாயிருந்தவர் என்பது விதியின் விளையாட்டுப் போலும். போதாக்குறைக்கு, வங்கி முதலாளியைக் கொடியவனாகக் காட்டியது பொதுவுடைமையாளரின் தந்திரம் என்று 1947-இல் அந்நாட்டுப் புலனாய்வுத் துறை குறிப்பெழுதி வைத்தது. அதே ஆண்டு காப்ராவின் நிறுவனமும் விலைபோயிற்று. படம் பலர் கைமாறி, மறக்கப்பட்டது.

இங்கேதான் எதிர்பாராத திருப்பம். அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி ஒரு படைப்பின் பதிப்புரிமை 28 ஆண்டுகள் நிலைக்கும். விண்ணப்பித்துப் புதுப்பித்தால் மேலும் 28 ஆண்டுகள் நீளும். 1974-இல் இப்படத்தின் உரிமையைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் புதுப்பிக்கத் தவறிவிட்டனர். அதன் விளைவாக, கட்டணமின்றி ஒளிபரப்பலாம் என்ற நிலை ஏற்பட்டது. பொருள்வசதி குறைந்த சிறிய தொலைக்காட்சி நிலையங்களுக்கு இது பெரும் பேறாயிற்று. டிசம்பர் மாதம் வந்தால் போதும். ஏதேனும் ஒரு நிலையத்தில், பலவேளை ஒரே நாளில் பல நிலையங்களில், ஜார்ஜ் பெய்லி பாலத்தின்மேல் நின்றுகொண்டிருப்பான். பெற்றோர் பார்த்தனர், பிள்ளைகள் பார்த்தனர், அப்பிள்ளைகள் பெற்றோராகித் தம் மக்களுக்குக் காட்டினர். 1990-இல் நாட்டின் பாதுகாக்கத்தக்க படங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது.

உரிமையற்ற நிலையால் தீங்கும் விளைந்தது. தேய்ந்த பிரதிகள் பரவின. 1980-களில் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசி விற்றனர். தம் முகத்தில் சாயம் பூசப்பட்டதை ஸ்டூவர்ட் வெளிப்படையாகக் கண்டித்தார். 1990-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஒரு படத்துக்கு மூலமான கதையின் உரிமை உயிரோடிருக்கும்வரை, அக்கதைக்கு உரியவரின் அனுமதியின்றி அப்படத்தைப் பயன்படுத்த இயலாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு ஸ்டூவர்ட் நடித்த வேறொரு படத்தைப் பற்றியது. வழக்கின் பெயரிலேயே அவர் பெயர் உண்டு. அத்தீர்ப்பைத் துணைக்கொண்டு, ஸ்டெர்னின் கதைக்கும் படத்தின் இசைக்கும் உள்ள உரிமையின் பேரில், 1993-இல் ரிபப்ளிக் நிறுவனம் படத்தை மீண்டும் தன் வசமாக்கிற்று. பத்திரிகைகள் மறுத்த அந்த வாழ்த்துமடல் கதையே இறுதியில் படத்துக்கு வேலியாயிற்று!

மாணவர்களே, ஒரு நிகழ்ச்சிக்குக் காரணம் கூறும்போது அவசரப்படலாகாது. சட்டத்தின் தவறுதலே இப்படத்துக்குப் புகழ் தந்தது என்று சிலர் எளிதில் முடித்துவிடுவர். அவ்வாறாயின், அதேபோல் உரிமை இழந்த எத்தனையோ படங்கள் ஏன் பெட்டிக்குள்ளேயே மக்கிப்போயின? உரிமை இழப்பு கதவைத் திறந்தது. உள்ளே வந்த விருந்தாளியை மக்கள் ஆண்டுதோறும் அழைத்ததற்கு அவனுடைய தகுதியே காரணம். வாய்ப்பு வேறு, காரணம் வேறு. இவ்வேறுபாட்டை உணர்வது சரித்திர மாணவனின் முதற்கடமை. அதேபோல், இப்படம் முற்றிலும் புறக்கணிக்கப்பட்டது என்பதும் மிகைக்கூற்றே. ஐந்து பரிந்துரைகள் பெற்ற படத்தை எவரும் கவனிக்கவில்லை எனல் தகாது.

இன்னொன்றும் சொல்வேன். நெடுங்காலம் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில், தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தம்மைப் பயனற்றவர் என்று கருதிக் குனிந்த தலையோடு நின்ற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். மதிப்பெண் பட்டியலில் அவர்கள் கடைசி. ஆனால் நோயுற்ற தோழனுக்குப் பாடம் எழுதிக்கொடுத்ததும், தம்பியின் கைப்பிடித்துச் சாலை கடத்தியதும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஜார்ஜ் பெய்லியும் தன் வாழ்வைக் கணக்கிட்டபோது, இழந்த பயணங்களை எழுதினான். காத்த உயிர்களை எழுத மறந்தான். கணக்கு பொய்யன்று; முழுமையற்றது. அத்தகைய துயரம் எவருக்கேனும் நேர்ந்தால், தனியே நின்று அக்கணக்கைப் போடவேண்டா. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ நண்பரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். விட்டுப்போன வரிகளை அவர்கள் நிரப்புவார்கள்.

படத்தின் முடிவில் பாட்டர் தண்டனை பெறுவதில்லை. காணாமற்போன பணம் அவனிடமே தங்கிவிடுகிறது. சிலருக்கு இது குறையாகத் தோன்றும். எனக்கு இதுவே படத்தின் நேர்மையாகப் படுகிறது. உலகில் தீமை உடனே ஒழிந்துவிடுவதில்லை. ஆயினும் அண்டை அயலார் ஒன்றுசேர்ந்தால் அதனைத் தாங்கி நிற்கலாம். இவ்விடுமுறையில் இப்படத்தைக் காண நேர்ந்தால், பனியையும் பாட்டையும் மட்டும் பார்க்காதீர்கள். மேசைமேல் சில்லறையைக் கொட்டும் அந்த எளிய மக்களின் கைகளையும் பாருங்கள்.