கொட்டகை வாசலும் கைப்பேசித் திரையும்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றான திண்ணனூர் நாட்டில் பிறந்து வளரும் குழந்தைக்கு, அசையும் உருவம் மனிதர் மனத்தைக் கவர்ந்து இழுத்துக்கொள்ளும் என்ற எண்ணம் பரம்பரைச் சொத்தாகவே வந்து சேருகிறது. சங்கப் புலவர்கள் இம்மலையின் பாவையைத் தெய்வம் சமைத்த வடிவம் என்று வர்ணித்து, காற்றும் மழையும் நில அதிர்ச்சியும் அதன் எழிலைக் குலைக்கமாட்டா என்று பாடினார்கள். பின்வந்த வழக்கு, அப்பாவை அசையும், நகைக்கும், அருகில் வந்தவரை மயக்கி உயிரையும் வாங்கும் என்று அக்கதையை நீட்டிக்கொண்டது. பார்ப்பதில் ஆபத்து உண்டு என்பதை இம்மலை அவ்வளவு தொன்மையான காலத்திலேயே சிந்தித்திருக்கிறது. ஆகவே, தான் பார்த்த சினிமாவின் பெயரைத் தாங்கிவந்த வீடியோ கேமை ஏழு வயதுப் பேரன் கைப்பேசியில் ஆடும்போது, இது இவனுக்குத் தகுமா என்று ஒரு பாட்டி கவலைப்பட்டால், அந்தக் கவலையை அறியாமை என்று ஒதுக்குவது பெருந்தவறு. அக்கேள்விக்கு நம் நாட்டில் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

அச்சரித்திரத்தின் தொடக்கம் மலையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. கொல்லிமலையின் கிழக்குச் சரிவு திருச்சிச் சீமையில் இறங்குகிறது. அத்திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ஆம் ஆண்டில், ஊர் திரும்ப நினைத்த டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படக்கருவியையும் இயேசுநாதர் சரிதம் உள்ளிட்ட சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று காட்டத் தொடங்கினார். தென்னிந்தியாவில் டூரிங் சினிமா என்ற தொழில் அவ்வாறு பிறந்தது. அக்கூடாரத்தில் குழந்தைக்கு ஒரு படம், பெரியவருக்கு ஒரு படம் என்ற பிரிவு ஏது? தாயின் மடியில் கிடந்த சிசு முதல் தடியூன்றிய கிழவர் வரையில் எல்லோரும் ஒரே தரையில் அமர்ந்து ஒன்றையே பார்த்தனர். தெருக்கூத்தையும் பொம்மலாட்டத்தையும் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு அது இயல்பாகவே தோன்றியிருக்கும். கூத்தில் துச்சாதனன் அலறிக்கொண்டு பாய்ந்தால் குழந்தை பயந்து தாயின் முந்தானையில் முகத்தைப் புதைக்கும், அவளும் முதுகைத் தடவி, அது வேஷந்தான் என்று சொல்லித் தேற்றுவாள். அவளுடைய அந்தச் சொல்லே அக்காலத்துத் தணிக்கை.

சர்க்கார் தணிக்கை வந்தது 1918ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டத்தின் வழியாக. 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. பொதுமக்களுக்குக் காட்டத் தகுந்ததா, தகாததா என்ற ஒன்றையே அவை நோக்கின. வயது அவற்றின் கணக்கில் வரவில்லை. ராஜத்துவேஷம் பற்றி ஆட்சியாளருக்கு இருந்த அச்சம் குழந்தையின் தூக்கத்தைப் பற்றி இருந்ததாகத் தெரியவில்லை. 1927இல் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் நியமிக்கப்பட்ட விசாரணைக் குழு தேசமெங்கும் சுற்றி, முந்நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. சிறுவர் மனத்தில் சலனப்படம் என்ன செய்கிறது என்ற கேள்வி அங்கேதான் சபையேறிப் பேசப்பட்டது. எனினும் சட்டத்தில் அது இடம்பெற மேலும் இருபது ஆண்டுகள் கழிந்தன. 1949ஆம் ஆண்டின் திருத்தமே ‘யு’ என்றும் ‘ஏ’ என்றும் சான்றிதழை இரண்டாக்கி, பதினெட்டு வயது நிரம்பாதோரை ஒரு சாரார் என்று முதன்முதலாகப் பிரித்தது.

அத்திருத்தத்தின் பலனைத் தமிழ்ப்படம் அறிந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1951இல் ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பில் கே. ராம்நாத் இயக்கத்தில் எம். ஜி. ராமச்சந்திரனும் அஞ்சலிதேவியும் நடித்து வெளிவந்த ‘மர்மயோகி’, தமிழில் ‘ஏ’ சான்றிதழ் பெற்ற முதற்படம் என்ற பெயரை அடைந்தது. அதற்குக் காரணம் கத்திச் சண்டையுமன்று, காதற்காட்சியுமன்று. செருகளத்தூர் சாமா ஏற்ற பாத்திரம் ஆவிபோல் தோன்றி நடமாடும் காட்சிகளே. அந்த ஆவியோ கதைப்படி ஆவியே இல்லை. இறந்துவிட்டதாக எண்ணப்பட்ட அரசன் உயிரோடிருந்து மறைவேஷத்தில் வருகிறான். கதையை முடிவுவரை பின்தொடரக்கூடிய பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அந்த விடை கிடைத்துவிடும். ஐந்து வயதுக் குழந்தையோ இருட்டில் தோன்றிய உருவத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும். அந்த இருவரையும் ஒரே எழுத்தால் வாசலில் நிறுத்தியது அன்றைய முறையின் குறை. ஆனால் அச்சத்தையும் ஒரு தீங்காக மதித்து, குழந்தையின் இரவுத் தூக்கத்தை ராஜ்யத்தின் கவலைக்குரிய விஷயமாக ஆக்கியது அம்முறையின் பெருமை என்றே நான் கருதுகிறேன். வன்முறையையும் ஆபாசத்தையும் மட்டுமே எண்ணிப் பார்க்கும் பிற்கால மனம் அந்த நுட்பத்தைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

பிறகு வந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். கே. ஏ. அப்பாஸ் தம் குறும்படத்துக்கு ‘யு’ மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற வழக்கில், 1970இல் பிரதம நீதிபதி ஹிதாயத்துல்லா, மற்றக் கலைகளைவிடச் சலனப்படம் உணர்ச்சியை ஆழமாகக் கிளறுவது, குழந்தைகளையும் இளையோரையும் மிகவும் பாதிப்பது என்ற காரணம் காட்டி முன்தணிக்கையை ஏற்றார். 1983இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோர் துணையோடு பார்க்கும் ‘யு ஏ’ வந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று மூன்றாக வகுத்து, பெற்றோருக்கு வழிகாட்டும் குறிப்பாக ஆக்கியது. தடுக்கும் அதிகாரம் படிப்படியாகக் கொட்டகைக்காரரிடமிருந்து வீட்டாருக்கு இடம்பெயர்ந்து வந்திருப்பதை இந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

சினிமா விளையாட்டாக மாறியபோது இந்தச் சரித்திரம் முழுவதும் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. தணிக்கை வாரியத்தின் அதிகாரம் படத்தோடு முடிகிறது. படத்தின் பெயரால் வரும் வீடியோ கேமை அது பார்ப்பதில்லை. அயல்நாட்டில் இவ்வகை விளையாட்டின் ஆரம்ப சரித்திரமே ஒரு பாடம். வேற்றுலகச் சிறு ஜீவன் ஒன்றுக்கும் ஒரு பையனுக்கும் ஏற்பட்ட சிநேகத்தைச் சொன்ன ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ. டி.’ படத்தை அடாரி கம்பெனி 1982இல் விளையாட்டாக்கியது. பண்டிகை விற்பனைக்கு முந்த வேண்டி ஏறத்தாழ ஐந்து வாரத்தில் செய்து முடித்த அவ்விளையாட்டில், ஆடியவர்கள் திரும்பத் திரும்பக் குழிகளில் விழுந்து, ஏறுவதறியாது சலித்துப் போனார்கள். விற்காது திரும்பிய பெட்டிகளின் ஒரு பகுதி நியூ மெக்சிகோவின் அலமகார்டோ என்னும் ஊரில் மண்ணில் புதைக்கப்பட்டு, 2014இல் தோண்டி எடுக்கப்பட்டது. அதில் ரத்தமில்லை, வசைமொழியில்லை. இன்றைய எந்த வயதுக் குறியீடும் அதனைச் சிசுக்களுக்கும் தக்கது என்றே சொல்லும். ஆயினும் சிறு குழந்தைக்கு அது தகாது, ஏனெனில் அதனால் அதை ஆட முடியாது. முடியாத காரியத்தில் மீண்டும் மீண்டும் தோற்று, கோபத்தில் அழும் குழந்தையின் துன்பத்தை எந்தச் சான்றிதழும் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்காவில் 1994இல் ஏற்பட்ட தரக்குறியீடும் ஐரோப்பாவில் 2003இல் வந்த ‘பெகி’ குறியீடும் விளையாட்டின் கடினத்தை அளப்பனவல்ல, அதன் உள்ளடக்கத்தையே அளப்பன.

நம் பக்கத்து உதாரணம் ‘கஜினி’. ஏ. ஆர். முருகதாஸ் 2005இல் தமிழில் எடுத்து, 2008இல் இந்தியிலும் எடுத்த அக்கதை, காதலியைக் கண்ணெதிரே இழந்து ஞாபகசக்தியும் சிதைந்த ஒருவன், தன் உடம்பில் பச்சை குத்தியும் புகைப்படங்களில் குறித்தும் வைத்துக்கொண்டு பழிவாங்கப் புறப்படும் கதை. இந்திப் படத்தையொட்டி ஹைதராபாத் எப். எக்ஸ். லேப்ஸ் நிறுவனம் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைச் செய்தது. அதற்குச் சான்றிதழ் தர யாரும் இல்லாமையால், வெளியிட்டவர்களே பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது என்று வரையறுத்துக்கொண்டார்கள். அந்தச் சுயக்கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். படத்தில் நாயகனின் அடி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெண்ணின் சிரிப்பும் அவள் மரணமும் நிற்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளை நேசிக்கப் பழகிய பிறகே நாம் அந்த ரௌத்திரத்துக்கு உடன்படுகிறோம். விளையாட்டில் அந்த ஒரு மணி நேரம் சுருங்கி, மிஞ்சுவது மற்போரும் ஆயுதமும். போதாக்குறைக்கு அடிப்பவன் திரைக்கு அப்பால் இல்லை. பொத்தானை அழுத்தும் விரல் குழந்தையினுடையது. பார்க்கத் தகுந்த படமெல்லாம் ஆடத் தகுந்ததாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மறுதலையான உதாரணமும் உண்டு. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை 2005இல் லெகோ பொம்மைகளைக் கொண்டு விளையாட்டாக்கியபோது, போர் போராகவே இருந்தும், வீழ்ந்த வீரன் கட்டைகளாகச் சிதறி மறுகணமே எழுந்து நின்றான். வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் இடைஞ்சல் இல்லாதபடி பேச்சின்றிக் கதை நடந்தது. தகப்பனும் மகனும் ஒரே திரையில் சேர்ந்து ஆட வழி இருந்தது. படத்திலிருந்த பயங்கரம் விளையாட்டில் தணிந்தது. ‘கஜினி’யில் ஏறியதும் இங்கே இறங்கியதும் ஒரே செயலால்தான்: படத்திலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்ற தயாரிப்பாளரின் தேர்வால்.

2014இல் ‘கோச்சடையான்’ படத்தையொட்டி அம்பெய்யும் விளையாட்டு ஒன்று கைப்பேசிக்கு வந்தது. கொல்லிமலைக் குழந்தைக்கு வில் அந்நியமானதன்று; ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஊடுருவ எய்தான் என்று புறநானூறு போற்றும் வல்வில் ஓரியின் பெயரால் ஆடித் திங்களில் செம்மேட்டில் விழா எடுக்கிறார்கள். ஓரியின் கதையைக் கேட்ட குழந்தைக்கு அவ்வில்லோடு அவனுடைய கொடையும் தெரியும். பாணருக்கு அவன் அள்ளிக்கொடுத்ததைச் சொல்லாமல் அவன் வில்லாண்மையை யாரும் சொல்வதில்லை. கைப்பேசியில் வில் மட்டுமே கிடைக்கிறது. கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வதைவிட, அருகில் அமர்ந்து மற்றப் பாதியைச் சொல்லிக் கொடுப்பது பயனுடையது என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டு அரசின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் 2025இல் வந்த விதிகளும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்டோரை விலக்கி, நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை அவற்றை நிறுத்தி வைத்தன. அது மிகவும் வேண்டிய காரியந்தான். ஆனால் பணமில்லாத விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது அவற்றின் விஷயமன்று. கைப்பேசிக் கடைப்பக்கத்தில் பெயருக்குக் கீழே மூன்று, ஏழு, பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு என்று காணப்படும் எண், தயாரித்தவர் ஒரு வினாத்தாளுக்கு அளித்த விடையிலிருந்து பிறப்பது. அந்த எண்ணைத் திண்ணனூர் நாட்டில் யாரும் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவதில்லை. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படித்து, விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வரும் பிள்ளைகளின் கையில், தகப்பனும் தாயும் காட்டு வேலைக்குப் போன பகற்பொழுதில், கைப்பேசி தனியே இருக்கிறது.

ஆகவே விடுமுறைக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாளில் அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் பெற்றோருக்குத் தமிழில் ஒரு தாள் கொடுத்தனுப்பலாம்: அந்த எண்கள் எங்கே இருக்கும், அவற்றின் பொருள் என்ன; முதல் அரை மணி நேரம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியவை எவை; குழந்தை அஞ்சுகிறதா, ஆட முடியாமல் கோபப்படுகிறதா, தோற்ற பிறகும் விடமுடியாமல் தவிக்கிறதா, விளையாட்டு நடுவில் பணம் கேட்கிறதா. எழுத்தறியாத பாட்டியும் இவற்றுள் முதல் மூன்றையும் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வாள். பணம் கேட்கும் பக்கத்தை மட்டும் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி அவளுக்கு ஒருமுறை காட்டிவிட்டால் போதும்.