மண் கேட்காத செடி

பூந்தமல்லிக்கும் பூவுக்கும் பழைய உறவு. திருக்கச்சி நம்பிகள் இங்கே நந்தவனம் வைத்து, பூப்பறித்து மாலை கட்டி, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு எடுத்துச் சென்றார் என்பது வைணவ மரபு. மல்லி, முல்லை, சம்பங்கி, கதம்பம் என்றே வளர்ந்த நம் தலைமுறைக்கு ஆர்க்கிட் அயலூர்ச் சரக்கு. முதலில் கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாக் கொத்தாக வந்தது. பிறகு கோயம்பேடு சந்தையில் பார்த்தோம். இப்போது அம்பத்தூர், ஆவடி பக்கத்து நர்சரிகளிலேயே தொங்குகிறது. வாங்கிப் போகிறவர்கள் நிறைய. அதே செடி மறுபடி பூத்ததைப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான்.

பணி ஓய்வுக்குப் பிறகு மாடியில் பத்துப் பன்னிரண்டு ஆர்க்கிட் வைத்திருக்கிறேன். அதனால் தெரிந்தவர்கள் என்னிடம், "சார், தினமும் தண்ணி ஊத்தறேன், எருவும் போடறேன், அப்படியும் அழுகிப் போகுதே?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய இருநூறு வருட வரலாறு உண்டு. அதில் நம் சோழமண்டலக் கரைக்கும், சென்னையில் வேலை பார்த்த ஓர் ஓவியருக்கும் இடம் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். ஆர்க்கிட் முழுக்க வெளிநாட்டுச் செடி அல்ல. ஸ்காட்லாந்திலிருந்து கம்பெனி மருத்துவராக 1776ல் சென்னை வந்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. இன்றைய ஆந்திராவில், காக்கிநாடா அருகே உள்ள சாமல்கோட்டையில் தோட்டம் போட்டு, இந்தக் கரையோரச் செடிகளை ஒவ்வொன்றாக எழுதி, படம் வரையச் செய்தார். 'கோரமண்டல் கரைத் தாவரங்கள்' என்ற அவருடைய பெரிய நூலின் முதல் தொகுதி 1795ல் லண்டனில் வெளிவந்தது. அதில் ஓர் ஆர்க்கிட் இருக்கிறது. மஞ்சளும் பழுப்பும் கலந்த இதழ்களில் கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவில் நீல ஊதா உதடு, நல்ல வாசனை. கட்டம் போட்டது என்ற பொருளில் 'டெசலேட்டா' என்று பெயர் வைத்தார். இன்றைய முழுப்பெயர் வாண்டா டெசலேட்டா. மாமரம் போன்ற மரங்களின் கிளையில் வேர்விட்டு வாழும் செடி இது. தென்னிந்தியாவின் வறண்ட சமவெளியிலும் குன்றுகளிலும் வளரும்.

வாண்டா என்ற பெயரும் நம் நாட்டுப் பெயர்தான். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்து எழுதியது. மரத்தில் ஒட்டி வளரும் செடிக்கு அங்கே அந்தப் பெயர். நம் கிராமங்களில் இப்படி ஒட்டியிருக்கும் எதையும் 'புல்லுருவி' என்று சொல்லி அரிவாளால் சீவிவிடுவார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படிச் செய்யாது. கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் மழையிலிருந்தும், காற்றின் ஈரத்திலிருந்தும், பட்டை இடுக்கில் சேரும் தூசியிலிருந்தும்தான். குடக்கூலி கேட்காத வீட்டில் சொந்தச் சமையல் செய்துகொண்டு இருப்பவரைப் போல.

இங்கே சீவி எறியப்பட்டது இங்கிலாந்தில் பொன்னாக மதிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பைத்தியமே பிடித்தது. ஆனால் கப்பலேறிப் போன செடிகளில் பெரும்பகுதி செத்தன. தப்பிப் பிழைத்தவற்றையும் அன்பாலேயே கொன்றார்கள். வெப்ப நாட்டுச் செடி என்றால் புழுக்கம் வேண்டும் என்று முடிவு கட்டி, கண்ணாடி வீட்டின் ஜன்னல்களை அடைத்து, கொதிகலன் வைத்துச் சூடேற்றி, எப்போதும் நசநசவென்று ஈரமாகவே வைத்தார்கள். வேர்கள் மூச்சுத் திணறி அழுகின. டெவன்ஷைர் பிரபுவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள், செடி தன் ஊரில் எப்படி வாழ்கிறது என்று விசாரித்து, ஜன்னலைத் திறந்து காற்றை விட்டார்கள். சூட்டையும் குறைத்தார்கள். அதற்குப் பிறகுதான் செடிகள் நிலைத்தன.

அந்தக் காலத்துப் பேராசைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1850ல் காசி மலைக்குப் போனார். நம் காசி அல்ல, இன்றைய மேகாலயா. அங்கே நீல வாண்டா கிளைகளில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை அளவு எடுத்தார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தவை சொற்பம். இடம் தெரிந்துகொள்ளத் தன் தோட்டக்காரரைக் கூடவே அனுப்பிய வேறொருவர் ஒரு ஆள் சுமையை விற்பனைக்கு அனுப்பினார். அரைகுறை உயிரோடு போன அந்தச் சுமை மட்டும் 300 பவுண்டுக்கு விலைபோனது. ஒரு செடி 3 பவுண்டு முதல் 10 பவுண்டு வரை. இதையெல்லாம் ஹூக்கரே தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். இப்படிக் காடு காடாக வழித்தெடுத்ததன் பலன், பிற்காலத்தில் நீல வாண்டாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் வேறொரு வேலை அமைதியாக நடந்துகொண்டிருந்தது. ராபர்ட் வைட் என்ற மருத்துவர் 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களின் படங்களை வெளியிட்டார். மொத்தம் இரண்டாயிரத்துக்கும் மேல். அவருக்கு வரைந்து கொடுத்தவர்களில் முக்கியமான இருவர் ரங்கையா, கோவிந்து. வேர் எப்படி ஒட்டுகிறது, உதட்டின் மடிப்பு எப்படி, மகரந்தக் கட்டி எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். ராக்ஸ்பரோவின் படங்களை வரைந்தவர்களும் நம் நாட்டு ஓவியர்கள்தான். ஆனால் அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. வைட் அப்படி விடவில்லை. படத்தில் பெயரைப் போட்டார். அதற்கும் மேலே ஒரு படி போய், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயா' என்று தம் ஓவியரின் பெயரையே 1853ல் சூட்டினார்.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அதே பேரினத்துக்கு லிண்ட்லி என்பவர் முன்பே 'டிராபிடியா' என்று பெயர் வைத்திருந்தார். முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் விதி. விதி சரிதான். ஆனாலும் துரைகளின் பெயர்களால் நிறைந்த அந்தப் பட்டியலில் கூலிக்கு வரைந்த நம் ஆள் ஒருவரின் பெயர் ஒரு பூவுக்கு இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் அல்லவா?

பத்துப் பவுண்டுச் செடி இன்று சில நூறு ரூபாய்க்கு நம் தெருவுக்கு வந்தது எப்படி? ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. ஒரு காயில் லட்சக்கணக்கில் இருக்கும். நெல்லுக்குள், பயறுக்குள் இருப்பதுபோல முளைக்குத் தேவையான சேமிப்பு உணவு அதில் கிடையாது. ஒருவகைப் பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்பதை பிரான்சின் நோயல் பெர்னார் 1899ல் கண்டார். பூஞ்சை இல்லாமலே, சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கூழில் முளைக்க வைக்கலாம் என்று 1922ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். தண்டின் நுனித் திசுவிலிருந்தே ஆயிரக்கணக்கில் கன்று எடுக்கும் வழியை 1960ல் ழார்ழ் மொரேல் காட்டினார். தாய்லாந்து முதல் நம் நர்சரி வரை வருவது பெரும்பாலும் இப்படிப் போத்தலில் பிறந்த பிள்ளைகள்தான். ஆகவே அவற்றை வாங்குவதால் காட்டுக்கு நஷ்டம் இல்லை.

இனி அழுகல் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலேயர் கண்ணாடி வீட்டில் செய்ததை நாம் தொட்டியில் செய்கிறோம். செம்மண்ணும் எருவும் போட்டு, அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்குகிறோம். மரத்தில் வாழும் ஆர்க்கிட்டின் வேருக்கு வெளியே பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. நனைந்ததும் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றில் காய வேண்டும். செடிக்குத் தாகமா இல்லையா என்று வேரின் நிறமே சொல்லிவிடும்.

ஆகவே மண் வேண்டாம். ஓட்டை நிறைந்த தொட்டியில் மரக்கரி, ஓட்டாஞ்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போதும். வாண்டாவாக இருந்தால் வெறும் கூடையில் வேரைத் தொங்கவிடலாம். நம் சித்திரை வெயிலுக்குப் பாதி வெளிச்சம் விடும் நிழல்வலை அவசியம். காலையில் நன்றாக நனையுங்கள், கோடையில் வாண்டாவுக்கு மாலையிலும் ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரையடிக்கு நகர்த்துங்கள், குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகும். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. வேரில் வெள்ளையாகப் படியும். பிடித்து வைத்த மழைநீர் நல்லது. உரம் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த பழைய தண்டு செத்துவிட்டது என்று வெட்டாதீர்கள். செடியின் சேமிப்பு அதில்தான் இருக்கிறது, நம் பிராவிடண்ட் ஃபண்ட் மாதிரி. சிம்பிடியம் மட்டும் வாங்க வேண்டாம். இரவுக் குளிர் இல்லாமல் அது பூக்காது. ஆசை இருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்து வாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சுற்றுலா போகும் மலையில் யாராவது காட்டு ஆர்க்கிட் விற்றால் வாங்காதீர்கள். நாம் கொடுக்கும் ஐம்பது ரூபாய்தான் இன்னொரு கிளையை வெறுமையாக்கும். ஆனால் உங்கள் சொந்த ஊர்த் தோப்பில் ஒரு பழைய மாமரத்தை வெட்டும் நிலை வந்தால், ஆள் வருவதற்கு முன் கிளைகளை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தடித்த வேரும் வார் போன்ற இலையுமாக வாண்டா தெரிந்தால், பட்டையோடு பெயர்த்துப் பக்கத்து மரத்தில் தேங்காய் நாரும் கயிறும் கொண்டு கட்டிவிடச் சொல்லுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் தெளித்தால் போதும். பிறகு அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.