கிளமெண்டியில் செய்தியும் விருந்தும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாகப் புனையப்படும் யாப்பினைத் தொல்காப்பியர் விருந்து என்று குறித்தார். வள்ளுவர் வகுத்த அதிகாரத்திலோ அச்சொல் வீடுதேடி வரும் புதியவரைச் சுட்டிற்று. புதியவர் வருகின்றாரெனின் புதிய செய்தியும் அவருடன் வருகின்றது. அச்சும் அலைவரிசையும் எட்டாத சிற்றூர்களில் விருந்தினரே செய்தித்தாளாய் விளங்கினர் எனின் மிகையாகாது. இவ்வுண்மையைச் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் உள்ள கிளமெண்டியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் நலம்.

இன்று அடுக்குமாடிகள் நிறைந்து விளங்கும் இப்பகுதி, ஒருகாலத்தில் சதுப்பு நிலமும் ஓடைகளும் சிறு கம்பங்களும் கலந்து கிடந்தது. சீர்திருத்தப்பள்ளிச் சாலை என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் வழங்கிய சாலைக்கு, 1947ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆளுநர் ஒருவரின் பெயர் சூட்டப்பெற்றது. அதுவே பின்னர் வட்டாரத்தின் பெயராகவும் நிலைத்தது. அந்நாளைய கம்ப வாழ்வில் செய்தி நடந்த வழிகள் மூன்று: பொதுக் குழாயடி, மளிகைக்கடை, காப்பிக்கடை. எவர் வீட்டில் பிறப்பு, எவர் வீட்டில் இறப்பு, எவர் வேலை தேடுகின்றார் என்பன அவ்வழிகளில் பொழுது சாயுமுன் ஊர் முழுதும் பரவிவிடும். அண்டைவீட்டுச் செய்தி உடனே வந்தது. அயல்நாட்டுச் செய்தி காலந்தாழ்த்து வந்தது.

அயற்செய்தியைத் தமிழில் கொணரும் முயற்சி சிங்கையில் 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' 1890 வரை வெளிவந்தது. கோ. சாரங்கபாணி 1935இல் நிறுவிய 'தமிழ் முரசு' வார இதழாய்ப் பிறந்து நாளிதழாய் வளர்ந்தது. எழுத்தறியாத் தொழிலாளர் பலர் வாழ்ந்த அக்காலத்தில், ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்பது வழக்கம். ஆகவே அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஓர் இதழின் பரப்பை அளத்தல் பொருந்தாது. 1950களில் அவ்விதழ் வளர்த்த மாணவர் மணிமன்றம், செய்தி கேட்போரின் பிள்ளைகளைச் செய்தி எழுதுவோராகவும் ஆக்கியது.

எனினும் ஊர்ச்செய்தி கப்பலிலேதான் வந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை அடைந்தது. அதில் வந்திறங்கியவரைக் காண உறவினரேயன்றி, அவ்வூரை அறிந்த அனைவரும் கூடினர். மழை பெய்ததா, வழக்கு முடிந்ததா, தங்கைக்கு மணம் உறுதியாயிற்றா என்று வினவினர். கடிதம் கூற இயலாதவற்றை வந்தவரின் முகம் கூறிற்று. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாய் வருவோரைக் கட்டுப்படுத்தியபின், இத்தகைய வருகையின் மதிப்பு மேலும் உயர்ந்தது. 'ரஜூலா' 1973இல் ஓய்வுபெற்றது; அடுத்து ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் 1985இல் நேர்ந்த தீவிபத்தோடு பயணிகள் சேவையை முடித்துக்கொண்டது.

ஈண்டு அயர்லாந்துச் சிற்றூர்களை ஒப்புநோக்கலாம். அந்நாட்டின் வட்டார வார இதழ்கள், ஒவ்வோர் ஊருக்கும் சிறு பத்தி ஒதுக்கி, அமெரிக்காவிலிருந்து எவர் திரும்பி வந்துள்ளார், எவர் நோயுற்றுள்ளார் என்பனவற்றை வெளியிடும் மரபுடையன. 1904இல் தோன்றிய 'கெரிமேன்' அத்தகைய இதழ்களுள் ஒன்று. அங்கே ஊரைவிட்டுச் சென்றவர் விருந்தினராய்த் திரும்பினார். இங்கேயோ விட்டுவந்த ஊரே விருந்தினர் வடிவில் தேடி வந்தது. இரண்டிடத்தும் அச்சிறு செய்தி செய்த பணி ஒன்றே: கடல் பிரித்தோரைச் சொல் இணைத்தது.

1963இல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. சமூக நிலையத்தில் கூடி அதனைக் கண்ட மக்கள், சின்னாட்களில் தத்தம் இல்லத்திலேயே காணலாயினர். 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கிளமெண்டியைப் புதுநகராக்கியது. கம்பத்தார் வெவ்வேறு அடுக்குகளில் குடியேறினர். 1988இல் பெருவிரைவு இரயில் நிலையம் திறக்கப்பெற்றது. 1995இல் அறிமுகமான ஆறிலக்க அஞ்சற்குறியீடு ஒவ்வொரு கட்டடத்திற்கும் தனியெண் தந்தது. கடிதம் இனி வழிதவறாது. ஆனால் வழிகேட்டு வருவோரும் குறைந்தனர்.

இம்மாற்றத்தை இழப்பென்றே புலம்புதல் தகாது. வீட்டினுள்ளே குழாய்நீரும் மின்விளக்கும் வந்தமை பெரும்பேறு. குழாயடியில் காத்துநின்ற பெண்களைக் கேட்பின், அக்காலம் மீள்க என்று அவர் எளிதில் கூறார். கம்பத்துச் செய்தியில் அன்போடு அலரும் கலந்திருந்தது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. முன்பு தாமதமாக வந்த உலகச் செய்தி இன்று நொடியில் வருகின்றது. முன்பு நொடியில் வந்த அண்டைவீட்டுச் செய்தியோ இன்று வருவதேயில்லை. எதிர்வீட்டு முதியவர் நோயுற்றதை அறியாமலே நாட்கள் கழியக்கூடிய வாழ்வை, வசதி என்னும் ஒரு சொல்லால் மட்டும் மூடிவிட இயலுமா?

விருந்தும் முற்றும் மறைந்துவிடவில்லை. தமிழகத்திலிருந்து கட்டுமானப் பணிக்கு வரும் இளைஞர் ஞாயிறுதோறும் தேக்கா வட்டாரத்தில் கூடுகின்றனர். தொலைபேசி ஊர்முகத்தைக் கையிலே காட்டினும், ஊர்க்காரரை நேரிற்காணும் வேட்கை அவர்தம்மை அங்கு ஈர்க்கின்றது.

ஆட்சியாளரின் பெயரைச் சாலைப்பலகை காக்கும். குழாயடிச் செய்தியைக் காப்பவர் யார்? 1979இல் சிங்கப்பூரில் நிறுவப்பெற்ற வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, எளிய மக்களின் நினைவும் வரலாறே என்பதை உணர்த்தியது. அப்பணி அலுவலகத்தோடு நிற்பதன்று. தமிழாசிரியர் மாணவரிடம் கட்டுரைக்குத் தலைப்புத் தரும்போது, "உன் பாட்டனார் வீட்டிற்கு ஊரிலிருந்து வந்தவர் யார்? அவர் என்ன செய்தி கொணர்ந்தார்?" என்று வினவுவாராக. விடையறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் இன்றைய தலைமுறையின் கடன்.