வீதிக்கு அடியில் எழுதப்பட்ட வரலாறு

நியூயோர்க் மாநகரின் புறூக்ளின் பகுதியிலுள்ள ஈஸ்டர்ன் பார்க்வே 1870க்கும் 1874க்கும் இடையில் அமைக்கப்பட்டது. நிலவனப்புக் கலைஞர்களான ஒல்ம்ஸ்ரெட், வோக்ஸ் இருவரும் அதனை வகுத்தனர். நடுவே அகன்ற பாதை. இரு மருங்கும் நிழல்மரங்கள். வசதி படைத்தோரின் குதிரைவண்டிகள் உலாவரவே அவ்வீதி உகந்ததாயிருந்தது.

1920இல் அவ்வீதியின் அடியில் நிலக்கீழ் இரயில் ஓடத் தொடங்கியது. கிராண்ட் ஆர்மி பிளாசா முதல் யூட்டிக்கா வரை ஆறு நிலையங்கள். எத்துணைத் தூரம் சென்றாலும் கட்டணம் ஐந்து சதமே. தொழிற்சாலைக்குச் செல்வோரும் இனி மரநிழல் வீதியருகே குடியிருக்கலாம் என்ற நிலை பிறந்தது.

ஆயின், 1913ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நகரமும் தனியார் கம்பனியும் சேர்ந்து செலவிட்ட அப்பாதையை இயக்கும் உரிமை கம்பனியிடமே இருந்தது. 1932இல் கம்பனி நொடித்தது. 1940இல் நகரம் அதனை வாங்கியது. பொதுவுடைமையானதும் மக்களின் சுமை குறைந்ததா? இல்லை. 1948இல் கட்டணம் இருமடங்காயிற்று. உடைமை மாறினால் மட்டும் போதாது. யாருக்காக இயங்குகிறது என்பதே கேள்வி.

மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த உழைப்பாளர் இவ்வீதியைச் சூழக் குடியேறினர். 1969இல் அவர்களுடைய திருவிழா ஊர்வலம் இங்கு வந்தது. பிராங்ளின் நிலையத்தின் பெயருடன், 1963இல் நிறவெறியனால் சுட்டுக்கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸின் பெயர்தாங்கிய கல்லூரியின் பெயரும் 2020இல் இணைந்தது. குதிரைவண்டிகள் மறைந்துவிட்டன, வீதியின் வரலாற்றை இன்று எழுதுவோர் படியேறி வெளிவரும் மக்களே.