நெடுந்தொலைவு இலக்குச் சுடுதலுக்கான தோட்டா

நெடுந்தொலைவு இலக்குச் சுடுதலுக்கான தோட்டா என்பது 300 மீட்டர் முதல் 1000 கஜம் (914 மீட்டர்) வரையிலும் அதற்கு அப்பாலும் உள்ள இலக்கைத் துல்லியமாகச் சுடுவதற்கெனத் தேர்ந்தெடுக்கப்படும் ரைபிள் தோட்டா ஆகும். பித்தளை உறை, அதன் அடியிலுள்ள எரியூட்டி, உந்துமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. பேச்சு வழக்கில் குண்டையும் தோட்டா என்றே கூறுவர். இக்கட்டுரையில் இவை வேறுபடுத்தப்படுகின்றன. ஆற்றல் மிகுந்த தோட்டாவே தொலைவுக்கு ஏற்றது என்பது பரவலான தவறான எண்ணம். இந்தியாவில் இயற்பியலுக்கு முன்பாகச் சட்டமே இத்தேர்வை வரையறுத்து விடுகிறது.

குண்டின் பறத்தல்

குழாயை விட்டு வெளியேறிய கணம் முதல் குண்டு வேகத்தை இழக்கிறது. காற்றுத்தடையை எதிர்த்து வேகத்தைக் காத்துக்கொள்ளும் திறன் எறிவியல் கெழு எனப்படுகிறது. நீண்டு ஒல்லியான, கூர்முனையுடைய, பின்புறம் படகுபோல் குறுகிய குண்டுகளுக்கு இக்கெழு அதிகம். ஒலியின் வேகத்தை (20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 343 மீ/வி) நெருங்கி இறங்கும்போது குண்டின் நிலைத்தன்மை குலையக்கூடும். எனவே இலக்கை அடையும் வரை குண்டு ஒலியை விட விரைவாகப் பறக்கும் தோட்டாவையே போட்டியாளர்கள் விரும்புவர். 50 மீட்டர் போட்டிக்குரிய .22 எல்.ஆர். தோட்டாவில் இதற்கு நேர்மாறான வழி கையாளப்படுகிறது: தொடக்கத்திலேயே குண்டின் வேகம் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே வைக்கப்படுகிறது.

வீழ்ச்சியும் காற்றும்

1952இல் அறிமுகமான .308 வின்செஸ்டரையும் 2007இல் அறிமுகமான 6.5 கிரீட்மூரையும் ஒப்பிடலாம். முன்னதில் 175 கிரெய்ன் (11.3 கிராம்) குண்டு ஏறத்தாழ 790 மீ/வி வேகத்திலும், பின்னதில் 140 கிரெய்ன் (9.1 கிராம்) குண்டு ஏறத்தாழ 825 மீ/வி வேகத்திலும் கிளம்பும். 100 கஜத்துக்குச் சரிசெய்த பார்வைக்குறியுடன் 1000 கஜத்தில் சுட்டால் முதலாவது ஏறத்தாழ 10 மீட்டரும் இரண்டாவது 8 மீட்டரும் தாழ்ந்து விழும். இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றினாலும் முக்கியமன்று. தொலைவு தெரிந்தால் வீழ்ச்சியைக் கணக்கிட்டுப் பார்வைக்குறியைத் திருத்திக்கொள்ளலாம்.

காற்று அவ்வாறு அன்று. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதே தொலைவில் .308 குண்டை ஏறத்தாழ 2.3 மீட்டரும் 6.5 குண்டை 1.7 மீட்டரும் தள்ளிவிடும். காற்றின் வேகத்தை மணிக்கு 5 கி.மீ. தவறாகக் கணித்தவருக்கு முதலாவதில் முக்கால் மீட்டர் பிழை. இரண்டாவதில் அரை மீட்டரை ஒட்டிய பிழை. கடலூர் போன்ற கரையோரங்களில் பகல் ஏறக் கடற்காற்று எழுவதால் காலையில் எடுத்த கணிப்பு பிற்பகலுக்கு உதவாது. வெயிலில் கிடந்த தோட்டாவில் உந்துமருந்து விரைந்து எரிந்து அழுத்தமும் வேகமும் கூடுவதும் வெப்பநாடுகளில் கவனிக்க வேண்டியது.

பின்னுதைப்பும் தேய்மானமும்

பெரிய மேக்னம் தோட்டாக்கள் காற்றை நன்கு எதிர்க்கும். ஆயினும் அவற்றின் பின்னுதைப்பு சுடுபவரைக் களைப்படையச் செய்யும். குழாயும் விரைவில் தேயும். .308 குழாய் ஏறத்தாழ 5000 சூடுகள் வரை துல்லியம் காக்கும், 6.5 கிரீட்மூருக்கு 2000 முதல் 3000 வரை. பயிற்சியிலேயே ஆயிரக்கணக்கில் சுட வேண்டியவருக்கு இது சிறிய செலவன்று.

போட்டி விதிகளும் தேர்வைக் குறுக்குகின்றன. எஃப்-டி.ஆர். வகைப் போட்டிகளில் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் ஆகிய இரண்டுக்கு மட்டுமே அனுமதி உண்டு. அனைத்துலக 300 மீட்டர் போட்டியில் குழாய்த்துளை 8 மி.மீ. வரை இருக்கலாம், பின்னுதைப்பு குறைந்த 6 மி.மீ. தோட்டாக்கள் அங்குப் பெரிதும் விரும்பப்படுகின்றன.

இந்தியாவில்

படைக்கலச் சட்டம், 1959இன்கீழ் வந்த 1962ஆம் ஆண்டு விதிகள், .303 அல்லது 7.62 மி.மீ. படைத்துறைத் தோட்டாவைச் சுடவல்ல ரைபிள்களைப் பொதுமக்களுக்குக் கட்டுப்படுத்தின. 2016இல் புதிய விதிகள் வந்த பின்னரும் தடைசெய்யப்பட்ட துளை என்னும் வகை தொடர்கிறது. .308 வின்செஸ்டர், 7.62×51 மி.மீ. படைத்துறைத் தோட்டாவோடு ஏறக்குறைய ஒத்தது. ஆகவே உலகில் பலரும் பழகத் தொடங்கும் தோட்டா இங்கு எளிதில் கிட்டாது.

இக்கட்டுப்பாடு ஆங்கிலேயர் காலத்தது. .303க்கு மாற்றாகப் பரவியதே .315 ஆகும், ஆத்திரிய-அங்கேரியப் படையின் 8×50 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவிலிருந்து வந்த இதற்கான ரைபிள் மேற்கு வங்கத்தின் இச்சாப்பூரில் செய்யப்படுகிறது. மழுங்கிய முனையுடைய இதன் கனத்த குண்டு, தற்காப்புக்கும் பயிர் காக்கவும் போதுமெனினும் 1000 கஜப் போட்டிக்கு உகந்ததன்று.

2010 தில்லி பொதுநலவாய விளையாட்டுகளின் பெருந்துளை ரைபிள் போட்டி, குர்கானை அடுத்த காதர்பூரில் மத்திய சேமக் காவல் படையின் சுடுதளத்தில் நடந்தது. ஒலிம்பிக்கில் 300 மீட்டர் போட்டி 1972க்குப் பின் இல்லை. ரைபிள் பிரிவில் இந்தியா பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் 10 மீட்டரிலும் (அபினவ் பிந்த்ரா 2008, ககன் நரங் 2012) 50 மீட்டரிலும் (சுவப்னில் குசாலே 2024) வந்தவை.

தமிழ்நாட்டுத் தொடர்பு

நீலகிரியின் அருவங்காட்டிலுள்ள கார்டைட் தொழிற்சாலை 1904 முதல் உந்துமருந்து செய்துவருகிறது. .303 தோட்டாவின் உறைக்குள் நூல்நூலாக அடுக்கப்பட்டிருந்த கார்டைட்டே இதன் பெயருக்குக் காரணம். 2021 முதல் இது மியூனிசன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் உள்ளது. கடலூரில் 1999இல் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் காற்று ரைபிள் வீராங்கனை. அப்போட்டியின் 4.5 மி.மீ. ஈயக்குண்டுக்கு உறையோ மருந்தோ கிடையாது. அழுத்தப்பட்ட காற்றே அதனை உந்துகிறது.