கோடம்பாக்கத்து கிட்டார் கலைஞர்கள்

பிறர் அமைத்த இசைக்குத் தினக்கூலியில் கிட்டார் வாசிக்கும் தொழில் 1960களில் லாஸ் ஏஞ்சலீஸிலும் லண்டனிலும் ராக் இசையோடு சேர்ந்து வளர்ந்தது. லெட் செப்பெலின் குழுவைத் தொடங்குவதற்கு முன் ஜிம்மி பேஜ் லண்டனில் செய்ததும் இதே வேலைதான். தமிழில் அதற்கு இடம் கொடுத்தது சினிமா. கோடம்பாக்கம், வடபழனி ஒலிப்பதிவுக் கூடங்களில் கால்ஷீட் கணக்கில் சம்பளம் வாங்கியவர்களே தமிழ்நாட்டின் கிட்டார் வரலாற்றை எழுதியவர்கள்.

தேவாலயத்திலும் ஆங்கிலோ-இந்திய சங்கங்களிலும் நடன இசையிலும் பழகியவர்கள் பலர் ஆரம்பத்தில் இத்தொழிலுக்கு வந்தார்கள். மேற்கத்திய இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பது அவர்களின் பலம். இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் (எம்.எஸ்.வி.) குழுவில் பிலிப்ஸ் கிட்டார் வாசித்தார். அன்று பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். கடைசிச் சரணத்தில் ஒருவர் விரல் பிசகினாலும் எல்லோரும் பல்லவியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அந்தச் சூழலை இன்றும் கண்ணால் பார்க்க முடிவது 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில்தான். ஒலிப்பதிவாகவே படமாக்கப்பட்ட அதன் பாடலில் டி.எம். சௌந்தரராஜன் பாட, எம்.எஸ்.வி. குழுவை நடத்துகிறார். திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு முகம் கிடைத்த அபூர்வமான சில நிமிடங்கள் அவை. அவர்களின் ஊதியத்துக்கு ஓர் ஒழுங்கு வரவேண்டும் என்று சங்கம் அமைக்க முன்னின்றவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன்.

இத்தொழிலிலிருந்து மேலெழுந்தவர்களில் முதன்மையானவர் பண்ணைப்புரம் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்துவிட்டு, 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். சலீல் சௌத்ரியின் பதிவுகளில் கிட்டார் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அடுத்தவர் இசைக்கு வாசித்த அந்த ஆண்டுகளில் எந்த வாத்தியம் எங்கே பேச வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பது அவருக்குப் படிந்தது. 1976இல் அவர் இசையமைத்த 'அன்னக்கிளி' வந்தபோது அந்தப் படிப்பு முழுவதும் கூடவே வந்தது.

பிறகு அவருடைய பாடல்களிலேயே கிட்டார் தலைமை வாத்தியமானது. ஆர். சந்திரசேகர், சதானந்தம் இருவரும் அக்குழுவின் தூண்கள். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாடலை முதல் நொடியிலேயே அடையாளம் காட்டுவது சந்திரசேகரின் கிட்டார். கம்பிகளைத் தனித்தனியே மீட்டி ஓடும் அந்தத் தொடக்கமும், குரலுக்கு வழிவிட்டு இடையிசையில் மறுபடி முன்னேறுவதும் ஒரு பக்கவாத்தியக்காரர் எட்டக்கூடிய உச்சம். இப்பாடலைக் கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாசித்தவர் பெயர் தெரியாது; இசைத்தட்டின் உறையில் அதற்கு இடமில்லை என்பது அன்றைய நியாயமற்ற வழக்கம்.

சென்னைக்கு வெளியே இத்தொழிலின் மறுபாதி மெல்லிசைக் குழுக்களில் நடந்தது. சங்கரன்கோவில் போன்ற தென்மாவட்ட ஊர்களின் திருவிழா மேடையில் கிட்டார்காரருக்கு இசைக்குறிப்பு கிடையாது. வானொலியையும் கேசட்டையும் திரும்பத் திரும்பக் கேட்டு, காதாலேயே பாடம் செய்துகொள்வார். கூட்டத்துக்குப் பாட்டு மனப்பாடம். இடையிசையில் ஒரு சுரம் மாறினால் உடனே தெரிந்துவிடும்.

1989இல் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு பஞ்சதன் கூடத்தை அமைத்ததும், 1992இல் அவர் இசையமைத்த 'ரோஜா' வெளிவந்ததும் வேலைமுறையை மாற்றின. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே பதிவானது. கணினி பல கைகளின் வேலையை எடுத்துக்கொண்டது. பெரிய குழுக்களை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது கடினமான காலம். கீத் பீட்டர்ஸின் பேஸ் கிட்டாரைப் போலத் தனித்த ஒலி கொண்டவர்களுக்கு மட்டும் தேவை குறையவில்லை. வாத்தியக் கலைஞர்களின் பெயரைக் குறுந்தகட்டின் உறையில் அச்சிடும் பழக்கம் ரஹ்மான் படங்களோடு பரவியது. அடுத்த தலைமுறையின் கேபா ஜெரமையா போன்றவர்களை ரசிகர்கள் பெயர் சொல்லியே அறிவார்கள்.